பாதி படகு, பாதி விமானம்

கேட்டலைனா, தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் இரட்டை என்ஜின் விமானம். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் உருவாக்கிய இதன் முன்மாதிரி 1935 மார்ச் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 3,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. பறக்கும் படகு வகையில் வேறெதுவும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒருமுறை எழும்பினால் பதினைந்து மணி நேரத்துக்கு மேலும் கடலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நீர்மூழ்கிகளையும் எதிரிக் கப்பல்களையும் தேடுவதற்கு வேண்டியது அந்தப் பொறுமைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தளம் இருந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியைப் பிரிட்டிஷ் விமானப் படை 'ரெட்ஹில்ஸ் லேக்' என்ற பெயரில் பறக்கும் படகுத் தளமாக வைத்திருந்தது. 240ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் இங்கு வந்தது. 1944இல் சில மாதங்கள் 628ஆம் ஸ்குவாட்ரனும் அதன்பின் 191ஆம் ஸ்குவாட்ரனும் இங்கிருந்து பறந்தன. வங்கக் கடலில் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போவது அன்றாட வேலை. ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த கரைகளுக்கு ஒற்றர்களைக் கொண்டுபோவது இரகசிய வேலை.

புழலிலிருந்து வடகிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு என்னும் மீனவ ஊர். பழவேற்காடு ஏரி புழலைவிடப் பல மடங்கு பெரியது, ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முழுச் சுமையோடு 16 டன் எடையுள்ள ஒரு படகு வேகமாக வந்து இறங்க அது போதாது. போதாக்குறைக்கு உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும். பறக்கும் படகுக்கு ஆழமான நன்னீர் ஏரி பெரிய வசதி.

இலங்கையின் தென்கரையில் கொக்கலை ஏரியும் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய கனடாவின் 413ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலைனா ஒன்று, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டது. விமானி லெனார்ட் பர்ச்சலும் குழுவினரும் வானொலியில் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுட்டு வீழ்த்தப்பட்டனர். உயிர் பிழைத்தவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியது அந்த ஏப்ரலில்தான். அளவு மாதிரி விமானங்கள் செய்பவர்களில் பலர் பர்ச்சலின் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே கடலைக் காத்த புழல் விமானங்களைச் செய்பவர்கள் குறைவு.

அளவு மாதிரி என்பது அசலின் ஒவ்வொரு நீளத்தையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்வது. கேட்டலைனாவின் இறக்கை முனைக்கு முனை 31.7 மீட்டர், உடல் நீளம் 19.5 மீட்டர். 1/72 அளவில் இவை 44 சென்டிமீட்டர், 27 சென்டிமீட்டர். 1/48 அளவில் இறக்கை 66 சென்டிமீட்டர் ஆகிவிடும். பழவேற்காட்டு மீனவக் குப்பத்து வீட்டு அலமாரியில் அதற்கு இடம் தேட வேண்டும். 72 என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் கிடைப்பது அது. ஆறடி மனிதன் ஓரங்குல உயரம் நிற்பான். 1930களில் பிரிட்டனில் விற்ற பொம்மை விமானங்களோடு இந்த அளவு பரவியது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, வானில் தெரியும் விமானம் யாருடையது என்று வீரர்களுக்குக் கற்றுத்தர 5 லட்சம் மர மாதிரிகள் வேண்டுமென்று பள்ளி மாணவர்களிடம் கேட்டது. அவையும் 1/72தான். பிளாஸ்டிக் வார்ப்பு மாதிரிகள் மரத்தின் இடத்தைப் பிடித்தது போருக்குப் பிறகு.

பாகங்களாக வாங்கி ஒட்டிச் சேர்க்கும் கேட்டலைனா கிட்டுகளைப் பல நிறுவனங்கள் வெளியிட்டுள்ளன. 1/72இல் ஏர்ஃபிக்ஸும் அகாடமியும், 1/48இல் மோனோகிராமும் ரெவெல்லும் பழைய பெயர்கள். வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேட்டலைனாவில் இரண்டு பெரும் பிரிவுகள்: தண்ணீரில் மட்டும் இறங்கும் சக்கரமற்ற படகு, நிலத்திலும் இறங்கும் சக்கரமுள்ள வகை. கடைகளில் அதிகம் கிடைப்பது இரண்டாவது. புழலில் நின்றவையோ பெரும்பாலும் முதல் வகை. கரையேற்ற வேண்டுமானால் தனியாக ஒரு சக்கர வண்டியை உடலின் பக்கங்களில் மாட்டி, சாய்தளத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். எனவே சக்கரமுள்ள கிட்டை வாங்கியவர், உடலின் இரு பக்கமும் உள்ள சக்கரக் குழிகளையும் மூக்கடியில் உள்ள கதவையும் பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்து, பட்டி போட்டு, தேய்த்து மறைக்க வேண்டும்.

அசலை நேரில் பார்த்துச் சரிபார்ப்பது எளிதல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே 1943 முதல் 1945 வரை 27 மணி நேரத்துக்குக் குறையாமல் இடைநில்லாமல் பறந்த குவாண்டாஸ் கேட்டலைனாக்கள்கூட, போர் முடிந்ததும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தில் வந்த விமானங்களை விலை கொடுத்து வாங்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு கேட்டலைனா நிற்கிறது. ஆனால் அது பின்னால் வந்த 6ஏ வகை. வால் துடுப்பு உயரமானது. அதன் படத்தை வைத்து 1943ஆம் ஆண்டு வாலைச் செய்தால் தவறிவிடும். போர்க்காலக் கறுப்பு-வெள்ளைப் படங்களே நம்பகமான வழிகாட்டி, தேதி தெரிந்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

வேலை உள்ளிருந்து தொடங்குகிறது. பின்னுடலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் பெரிய கண்ணாடிக் குமிழ்கள் கேட்டலைனாவின் அடையாளம். பார்வையாளர்கள் அங்கே உட்கார்ந்துதான் கடலைத் துழாவினார்கள். குமிழ் வழியாக உள்ளே எல்லாம் தெரியும் என்பதால் தரைப்பலகை, இருக்கை, துப்பாக்கி நிலை, சட்டங்கள் ஆகியவற்றை அங்கே செய்தே ஆகவேண்டும். விமானி அறையில் அந்த அளவு கவலை வேண்டாம். மூடிய பிறகு அதில் பாதி தெரியாது. உள்சுவருக்குத் துருத்தடுப்புப் பூச்சின் மஞ்சள் கலந்த பச்சை பொதுவாகப் பொருந்தும். கண்ணாடிப் பாகங்களை ஒட்ட ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை கூடாது. அதிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் வெண்பனியாகப் படிந்து நிற்கும், துடைத்தாலும் போகாது. சாதாரண ஃபெவிகால் போதும். காய்ந்ததும் நிறமற்றதாகிவிடும், மிஞ்சியதை ஈரத்துணியால் எடுத்துவிடலாம்.

சக்கரமுள்ள வகையைத் தரையில் நிறுத்துவதானால் மூக்குக்குள் எடை வைக்காமல் உடலை ஒட்டக்கூடாது. வைக்காவிட்டால் வால் கீழே விழுந்து மூக்கு மேலே போகும். பழவேற்காட்டில் வலையடியில் கோர்க்கும் ஈயக் குண்டுகள் இதற்கு நல்ல பொருள். பிளாஸ்டிக்கைக் கரைக்காத பசையில் அவற்றைப் பதித்துவிட வேண்டும்.

உடல் இரண்டு பாதிகளாக வரும். ஒட்டிய கோட்டை மறைப்பதில்தான் தொடக்கநிலையாளரின் மாதிரியும் தேர்ந்தவரின் மாதிரியும் பிரிகின்றன. பிளாஸ்டிக் சிமெண்ட் இரு ஓரங்களையும் இளக்கி ஒன்றாக்கும். அழுத்திப் பிடித்தால் கோட்டில் மெல்லிய வரப்பு எழும், காய்ந்தபின் அதைச் செதுக்கிவிடலாம். பள்ளம் இருந்தால் கார் பெயின்டர்கள் வைத்திருக்கும் என்.சி. பட்டியை மெல்லிசாகப் பூசி, 400ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கேட்டலைனாவில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. உடலின் அடிப்பக்கம் படகடி: நடுவில் கூரான முதுகெலும்பு, அதற்குப் பின்னால் படிபோல ஒரு வெட்டு. நீரில் ஓடும்போது அடியில் ஒட்டிக்கொள்ளும் தண்ணீரை உதறி மேலெழுவதற்கு அந்தப் படிதான் வழி. அடிக்கோட்டைத் தேய்க்கும் உற்சாகத்தில் பலர் படியின் ஓரத்தை உருண்டையாக்கிவிடுகிறார்கள். படகு கட்டிப் பழகிய கை அதைச் செய்யாது. எந்த விளிம்பு தண்ணீரை வெட்டுகிறது என்று அதற்குத் தெரியும்.

இறக்கை உடலோடு நேராகச் சேராமல், நடுவில் ஒரு தூணின்மேல் நிற்கிறது. என்ஜின்களைக் கவனிக்கும் பொறியாளர் அந்தத் தூணுக்குள் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தாங்குகம்பிகள். முதலில் தூணும் இறக்கையும் நேராகக் காய்ந்த பிறகுதான் கம்பிகளை வைக்க வேண்டும். கம்பியை இழுத்து இறக்கையை நேராக்க முயன்றால் இரண்டும் கோணும். இறக்கை முனையில் உள்ள மிதவைகளைப் பற்றி முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். பறக்கும்போது அவை மேலே மடங்கி இறக்கையின் முனையாகவே ஆகிவிடும். தண்ணீரில் நிற்கும்போது கீழே இறங்கியிருக்கும். மிதவை தொங்க வானில் போகும் மாதிரிகளைக் கண்காட்சிகளில் பார்க்கலாம். இறங்கப்போகிறது என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதுதான்.

இறக்கையின் பின்பகுதி, திசைதிருப்பி, உயர்த்திகள் ஆகியவை உலோகமல்ல, துணி போர்த்தியவை. கிட்டுகளில் இந்தத் துணி இரண்டு சட்டங்களுக்கு நடுவே பள்ளமாகத் தொய்ந்தது போல வார்க்கப்பட்டிருக்கும். அசலில் துணி விறைப்பாக இருக்கும், சட்டத்தின் மேடு மட்டும் லேசாகத் தெரியும். வாட்டர் பேப்பரால் அந்தத் தொய்வைக் குறைத்தாலே இறக்கை உண்மைக்கு நெருங்கிவிடும்.

வானொலிக் கம்பிகளும் கப்பல்களைக் கண்டறியும் ராடாரின் ஆன்டெனாக்களும் இல்லாத கேட்டலைனா மொட்டையாகத் தெரியும். மீனவ ஊரில் இதற்கு முதலில் கைக்கு வருவது தங்கூசி என்னும் மீன்பிடி நரம்பு. கணக்குப் போட்டால் அது சரிப்படாது. 0.16 மில்லிமீட்டர் நரம்பு 1/72 அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். அசல் கம்பியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். தங்கூசி கட்டினால் விமானத்தில் நங்கூரக் கயிறு கட்டியது போல ஆகும். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவர்த்தி தீயின் மேலே சுற்றிக் காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் முடியைவிட மெல்லிய இழை வரும். செலவும் இல்லை. தங்கூசியை நங்கூரக் கயிற்றுக்கே வைத்துக்கொள்ளலாம். அங்கே அதன் தடிமன் பொருத்தம்.

நிறம் தேதியைப் பொறுத்தது. போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்காவல் விமானங்களின் மேற்புறம் கருஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும் பட்டைகளாக இருந்தது. பின்னாளில் பக்கங்களிலும் அடியிலும் வெள்ளை பரவியது. அடையாள வட்டத்தில் பிழை எளிதில் நேரும். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவில் இருந்த சிவப்பு, ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பி நட்பு விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து இருந்தது. எனவே கிழக்குப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தின் இரண்டு சாயல்கள் போட்டார்கள். 1944இல் புழலில் நின்ற விமானத்தில் சிவப்பு வட்டம் வைத்தால் தவறு. பர்ச்சலின் 1942 ஏப்ரல் விமானத்தில் அது இல்லாவிட்டால் தவறு.

பூசுவதற்கு ஏர்பிரஷ் இருந்தால் நல்லது, ஸ்ப்ரே டப்பாவிலும் செய்யலாம். பழவேற்காட்டுக் கரையில் எதிரி ஈரக்காற்று. லாக்கர் வகைப் பெயின்ட் காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிவதால் பெயின்ட் வெளுத்துப் பூத்துப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அதிகம். மழையற்ற நாளில் வெயில் ஏறியபின் பூசுவது, அல்லது அக்ரிலிக் வகைக்கு மாறுவது நல்ல வழி. எதைப் பூசினாலும் முகக்கவசமும் திறந்த சன்னலும் வேண்டும். டெகால் என்னும் ஒட்டுப்படங்களை ஒட்டுமுன் பளபளக்கும் வார்னிஷ் ஒரு கை அடிக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறமாய் மின்னும்.

பழமை காட்டும் வேலைக்குச் சமையல் உப்பே போதும். முதலில் அலுமினிய நிறம் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு ஆங்காங்கே கல்லுப்புத் துகள்களைத் தூவி, அதன்மேல் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். காய்ந்தபின் தூரிகையால் உப்பைத் தட்டிவிட்டால் உப்பிருந்த இடங்களில் பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும். ஒழுங்கற்ற அந்த உரிவை எந்தக் கையாலும் வரைய முடியாது. ஆனால் எங்கே உரியும் என்று யோசித்துத்தான் தூவ வேண்டும். இறக்கையின் பின்பகுதி துணி என்பதால் அங்கே அலுமினியம் எட்டிப்பார்க்க வழியே இல்லை. மூக்கின் ஓரம், ஏறி இறங்கும் இடம், துணைப்படகுகள் வந்து உரசும் பக்கங்கள், என்ஜினைப் பழுதுபார்க்கிறவர்கள் நடக்கும் இறக்கைத் தடம் ஆகியவையே தேயும். என்ஜின் புகை இறக்கையின் மேற்புறத்தில் பின்னோக்கிக் கருப்பாகப் படியும். நிறுத்தி வைத்த படகின் நீர்மட்டத்தில் அழுக்குக்கோடு விழும். அதைப் பழவேற்காட்டுத் துறையில் கட்டியிருக்கும் எந்தப் படகிலும் பார்த்து அளந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் விமானத்துக்கு நீர்க்கோடு போட மறப்பவர்கள் அதிகம்.

தண்ணீரில் நிற்பதாகக் காட்டினால் அடித்தளத்தில் உடலின் கீழ்ப்பகுதி புதையுமாறு குழி வெட்ட வேண்டும். மேலே வைத்தால் மிதப்பதாகத் தெரியாது. தண்ணீர் செய்ய ரெசின் ஊற்றுவது வழக்கம். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிய இந்தக் கரையில் ரெசினும் அதன் கலவை நுட்பமும் புதிதல்ல. ஆனால் படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கரைப்பானாக இருக்கிறது. மாதிரி விமானமோ பாலிஸ்டைரீன். ஒன்றின்மேல் ஒன்று பட்டால் பிளாஸ்டிக் இளகி உருக்குலையும். கெட்டியாகும்போது எழும் சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். பசை விற்கும் கடைகளில் கிடைக்கும் எபாக்சி ரெசினை, ஒரு நேரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் ஊற்றி அடுக்கடுக்காக ஏற்றுவது பாதுகாப்பு. புழல் ஏரித் தண்ணீருக்குப் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம் வேண்டும். கடல் நீலம் அடித்தால் இடமே மாறிவிடும்.

அலைகளின் திசையும் கவனிக்க வேண்டியது. நங்கூரமிட்ட படகு காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நிற்கும், கேட்டலைனாவும் அப்படியே. ஆகவே சிற்றலைகள் மூக்கிலிருந்து வால் நோக்கி வர வேண்டும். குறுக்காக வரைந்தால் எந்த மீனவரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கடற்கரைக் காட்சி வைப்பதானால் காலம் தவறக்கூடாது. 1943இல் இந்தக் கரையில் ஃபைபர் படகும் வெளிப்பொருத்து மோட்டாரும் நைலான் வலையும் கிடையாது. ஆறு மீட்டர்க் கட்டுமரம் 1/72இல் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பால்சா மரத்தைச் செதுக்கி நூலால் கட்டலாம். வலைகள் பருத்தி நூலில் பின்னியவை, சாயமேற்றியவை என்பதால் பழுப்பாகக் காட்ட வேண்டும். குளிர்காலக் காட்சியென்றால் பூநாரைகள் நின்றாலும் பொருந்தும். பெரிய பூநாரை இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவு. இறக்கையின் அகலம் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பறவைகள் உடனே உணர்த்திவிடும்.

முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் நேராகப் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் ஒட்டுப்படங்களின் நிறம் மங்கும், ரெசினும் நாளடைவில் மஞ்சளிக்கும். தூசியை மென்மையான தூரிகையால் இறக்கையின் நீளவாக்கில் எடுப்பதே நல்லது. துணி ஆன்டெனாக்களில் சிக்கி முதலில் அவற்றைத்தான் ஒடிக்கும்.